ஓவசியர் மாமி

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணி பத்து நிமிடம். எங்கள் வீடு கெட்டுப்போகத் தொடங்கிய நேரம் அதுதான். நாலரைக்கு நாங்கள் நான்கு பேரும் வாவிக்கரைக்குப் போவதாக இருந்தோம். அதனால் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் இளையவளுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். என் கணவர் முற்றத்தில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூத்தவள் தூண்டில் நூலைச் சிக்கெடுக்கிறேன் என்று இன்னும் சிக்காக்கிக்கொண்டிருந்தாள். கேற்றைத் தள்ளிக்கொண்டு மாமி வந்தார். சொந்த மாமி இல்லை, ஊருக்கே மாமி.

"எங்க, குடும்பமா வெளிக்கிட்டீங்க போல?"

"சும்மா வாவிக்கரைக்கு மாமி. ஞாயிறுதானே."

"போங்க, போங்க. நான் மறிக்கல்ல. ஒருக்கா வீட்ட மட்டும் பாத்திட்டுப் போறன்."

வீட்டைப் பார்க்க அங்கே என்ன இருந்தது? நாங்கள் அதை விற்கவில்லை. கலியாணப் பேச்சும் இல்லை. மூத்தவளுக்கு வயது ஒன்பது, இளையவளுக்கு நான்கு. ஆனால் மாமி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். நடுவிரலை மடக்கி, விரல் முட்டியால் சுவரைத் தட்டினார். தட்டிவிட்டுத் தலையைச் சரித்து, சுவர் பதில் சொல்லும் என்பதுபோலக் காத்திருந்தார். குசினிக் குழாயைத் திறந்து பார்த்து மூடினார். பின்கதவால் இறங்கி வளவை ஒரு சுற்றுச் சுற்றினார். திரும்பி வந்து, இளையவளின் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"கல்லு நல்ல கல்லு. உங்கட அப்பா மோசம் செய்யல்ல. ஆனா வீடு ஒண்டு, புள்ள ரெண்டு. காணாது மகள்."

சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தேத்தண்ணி கூடக் குடிக்கவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இது விளங்காது. மட்டக்களப்பில் வீடு பெண் பிள்ளைக்கு. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வார். பெற்றவர்கள் தாங்கள் குடியிருந்த வீட்டையே மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் பத்தி என்கிற சின்னச் சாய்ப்பு ஒன்றை இறக்கிக்கொண்டு ஒதுங்குவார்கள். இரண்டாவது மகள் இருந்தால் இரண்டாவது வீடு. நான் இருக்கும் இந்த வீடும் அப்படி என் அப்பா எனக்குத் தந்ததுதான். பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு கூரை கிடைக்கிறது என்று பிற ஊர்க்காரர் இதைப் புகழ்ந்து பேசுவதைக் கேட்டிருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படிப் பேசினேன். அந்தக் கூரையைப் போடுவதற்கு ஒரு தகப்பன் எத்தனை பின்னேரங்களைப் பிள்ளைகளிடமிருந்து எடுத்துக் கொடுக்கிறான் என்று யாரும் பேசுவதில்லை.

அன்று நாங்கள் வாவிக்கரைக்குப் போகவில்லை. மூத்தவள் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்தாள். என் கணவர் பின்வளவில் காலடி வைத்து அளந்துகொண்டு நின்றார்.

"என்ன செய்றீங்க?" என்றேன்.

"இல்ல, சும்மா. மாமி சொன்னதிலயும் ஒரு ஞாயம் இருக்குத்தானே."

"புள்ளைக்கு ஒம்பது வயசு."

"ஓம். நாம இப்ப தொடங்கினாத்தானே அப்ப முடியும்."

மாமியின் மேல் எனக்கு இருக்கும் கோபம் அந்த நிமிடத்தில் பிறந்தது. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அது வயது போகாமல் அப்படியே நிற்கிறது.

மாமிக்குப் பெயர் உண்டு. நான் எழுத மாட்டேன். எங்கள் ஊர் ஆரையம்பதியில் அவரை எல்லோரும் 'ஓவசியர் மாமி' என்றுதான் சொன்னார்கள். ரோட்டும் மதகும் கட்டும்போது வந்து நின்று குறை பிடிக்கும் ஓவசியரைப்போலத்தான் மாமி வீடுகளுக்குள் வந்து நின்றார். மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட வெளிர்நிறச் சேலை, மழைக்கும் வெயிலுக்கும் ஒரே குடை. கலியாணம் பேசுகிறவர் என்று சொல்லலாம். ஆனால் பெண்ணைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது குறைவு. "அந்தப் புள்ள எப்பிடி மாமி?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டால், "ரைல்ஸ் போட்ட வீடு" என்பார். "குணம்?" என்றால், "பாத்ரூம் உள்ளுக்க" என்பார். இதை நான் பகிடிக்காகக் கூட்டிச் சொல்லவில்லை. இரண்டையும் என் காதால் கேட்டேன்.

அந்தப் பெயரை வைத்தது எங்கள் பக்கத்து வளவு அண்ணன். வாவியில் வலை போடுகிறவர், வாய் சும்மா இருக்காது. அவருடைய மகளுக்குப் பேச்சு வந்து எல்லாம் பொருந்தி, நாள் பார்க்கப் போகும் நேரத்தில் மாமி நடு அறையில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"சீலிங் இல்லையே."

"ஓடு போட்டிருக்கே மாமி, மழை ஒழுகாது."

"சீலிங் இல்லாத அறைக்க மாப்பிள்ளயக் கூட்டிக்கொண்டு வாற எப்பிடி?"

"ஏன் மாமி, மாப்பிள்ள என்ன மேல பாத்துக்கொண்டா படுக்கப் போறார்?"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அண்ணனின் பெண்சாதி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடிவிட்டா. மாமி சிரிக்கவில்லை. "பகிடி விடுறத்துக்கும் வீடு வேணும் மனே" என்று மட்டும் சொன்னார்.

சீலிங் போடப்பட்டது. அதற்காக அண்ணன் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போனார். மகளின் கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம்தான் பஸ்ஸால் வந்து இறங்கினார். மணவறையில் அவர் பக்கத்தில் நின்ற மகள், தகப்பன் மெலிந்துபோனதைப் பார்த்து அழுதாள். சுற்றி நின்றவர்கள் அதைக் கலியாணப் பெண் அழுகிற வழமையான அழுகை என்று எடுத்துக்கொண்டார்கள். மாமி அண்ணாந்து சீலிங்கைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

நான் அநியாயம் சொல்லக்கூடாது. மாமி தரகு வாங்குகிறவர் இல்லை. கலியாணம் முடிந்தால் ஒரு சேலை கொடுப்பார்கள், அதையும் பல வேளைகளில் வேறொரு வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார். தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கு வீடு நடந்து பேசிக் கலியாணம் முடித்து வைத்தார். எனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பப்பாசி இலைச் சாறும் கஞ்சியும் கொண்டு ஒவ்வொரு நாளும் வந்தவர் அவர்தான். இரண்டாவது வீட்டுக்கு உழைக்கத் தொடங்கியிருந்த என் கணவருக்கு அந்த நாட்களிலும் ரியூசன் வகுப்பு இருந்தது. மாமி கஞ்சியைக் கரண்டியால் எடுத்து எனக்குப் பருக்கினார். பருக்கிக்கொண்டே, கட்டில் தலைமாட்டுச் சுவரை விரலால் தட்டினார்.

"மாமி, இது ஆஸ்பத்திரி."

"ஓம் கா, தெரியும். பூச்சு வெடிச்சிருக்கு. அரசாங்கம் கட்டினா இப்பிடித்தான். நீ குடி."

அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது அந்தரமாக இருக்கிறது. எங்கள் நால்வரின் ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்துக்கொண்டு போன மனுசி, வாயில் கஞ்சி ஊட்டும்போது நான் வாயைத் திறந்தேன். அப்படித்தான் மாமி. கோபத்தை முழுதாகக் கோபமாக வைத்திருக்க விடமாட்டார்.

எங்கள் வரும்படி அந்தக் காலத்தில் எங்களுக்குப் போதும். இதைச் சொல்லிவிட வேண்டும். நான் அரச அலுவலகமொன்றில் முகாமைத்துவ உதவியாளர். அவர் கணித ஆசிரியர். இரண்டு சம்பளத்தில் சாப்பிட்டோம், உடுத்தோம், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் கைமாற்றுக் கேட்காமல் மருந்து வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமையில் நண்டு வாங்குவோம். அவர் நண்டை உடைத்துக் கழுவுவார். நான் முருங்கையிலை போட்டுக் காய்ச்சுவேன். குசினிக்குப் பின்னால் பாயைப் போட்டு, நாலு பேரும் நடுவில் ஒரே சட்டியை வைத்துக்கொண்டு, முழங்கை வரைக்கும் குழம்பு வழியச் சாப்பிடுவோம். பெரிய காலை யார் எடுப்பது என்று பிள்ளைகளுக்குள் சண்டை வரும். அவர் நீதவான்போல வழக்குக் கேட்டுவிட்டு அந்தக் காலைத் தானே எடுத்துக் கடிப்பார். அவ்வளவுதான் எங்களுடைய பணக்காரத்தனம். அதற்கு மேல் எதுவும் குறைவதாக நாங்கள் நினைக்கவே இல்லை, மாமி வந்து சுவரைத் தட்டும்வரைக்கும்.

முதலில் சனிக்கிழமை போனது. ஏறாவூரில் ஒரு ரியூசன் நிலையத்தில் காலையிலிருந்து பொழுதுபடும்வரை வகுப்பு. பிறகு ஞாயிற்றுக்கிழமையும் போனது, களுவாஞ்சிக்குடிக்கு. பிறகு கிழமை நாட்களின் பின்னேரங்கள் ஒவ்வொன்றாகப் போயின. வெள்ளிக்கிழமைப் பின்னேரம் மட்டும் மிஞ்சியது. வெள்ளிக்கிழமையில் எங்கள் வீட்டில் மரக்கறி, நண்டு இல்லை. பரவாயில்லை என்று அந்த ஒரு பின்னேரத்தை நான் கோழி குஞ்சைக் காப்பதுபோலக் காத்தேன். யாராவது அன்றைக்கு வீட்டுக்கு வருகிறோம் என்றால் பொய் சொல்லி மறித்தேன்.

இளையவள் போன் எடுக்கப் பழகிய காலம். வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் எந்த நேரமும் எடுப்பார்கள். ஒருநாள் நான் குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன், அவள் பெரிய மனுசிபோலச் சொல்கிறாள்: "சேர் இல்ல. சேர் கிளாசுக்குப் பெயித்தார். எத்தின மணிக்கு வருவார் எண்டு தெரியா." போனை வைத்த பிறகு அவளிடம் கேட்டேன், "ஆரடி சேர்?" அவள் என்னை விளங்காமல் பார்த்தாள். "அப்பாதான். எல்லாரும் அப்பிடித்தானே சொல்ற."

இதை மாமியிடம் சொன்னேன். குற்றமாகச் சொன்னேன். மாமிக்குச் சந்தோசம். "பாத்தியா புள்ள, எவ்வளவு மரியாதையான தகப்பன்!" என்றார்.

மூத்தவள் இன்னும் ஒரு படி மேலே போனாள். ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கும் வருடம். கணிதத்தில் அவளுக்கு எந்தக் கரைச்சலும் இல்லை, வகுப்பில் நல்ல புள்ளிகள் எடுக்கிறவள். ஒருநாள் இரவுச் சாப்பாட்டு நேரம் என்னிடம் கேட்டாள், "அம்மா, நான் களுவாஞ்சிக்குடிக் கிளாசுக்குப் போகட்டா?"

"எந்தக் கிளாஸ்?"

"அப்பாட."

"உனக்கு என்னத்துக்கு? உனக்குத்தான் கணக்கு வருமே."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "மோட்டார் சைக்கிள்ள பின்னால இருந்து போகலாம். வரக்குள்ளயும் வரலாம்."

அந்த வருடம் முழுவதும் அவள் போனாள். கடைசி வாங்கில் இருந்து, தெரிந்த கணக்கைத் தெரியாததுபோல எழுதினாள். அங்கே அவளும் அவரை 'சேர்' என்றுதான் கூப்பிட்டாளாம், மற்றப் பிள்ளைகள் குறை சொல்லக்கூடாது என்று. போகும் வழியும் வரும் வழியும்தான் அவளுடைய அப்பா. காற்றில் ஒன்றும் கேட்காது, இருந்தாலும் கதைத்துக்கொண்டே வருவேன் என்றாள். அவர் இதைக் கண்டுபிடித்தாரா? இல்லை. மகளுக்குக் கணிதத்தில் ஆர்வம் வந்துவிட்டது என்று பாடசாலையில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

அந்த நாட்களில் ஒருமுறை மாமியின் வீட்டுக்குப் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன். அதுவரை போனதில்லை; மாமியின் வீடு எங்கே என்று கேட்டபோது மாபிள் தூண் வைத்த ஒரு வீட்டைக் காட்டினார்கள். கேற்றைத் தட்டினால் ஒரு பெண் பிள்ளை வந்து, "அம்மம்மா பின்னுக்கு" என்று கையைக் காட்டியது. பின்வளவில் தகரம் போட்ட பத்தி. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கொடியில் மூன்று வெளிர் சேலைகள். மாமி அங்கே இருந்து மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தார்.

"வாகா மகள். வீடு பாத்தியா? மகளுக்கு நான் கட்டிக் குடுத்தது. வா, உள்ளுக்க காட்டுறன்."

என்னை மகளின் வீட்டுக்குள் கூட்டிப் போனார். வாசலில் காலைக் கழுவினார், ஈரம் போகச் சேலையால் துடைத்தார். அறை அறையாகக் காட்டினார். ஹோலில் இருந்த சோபாவில் என்னை இருக்கச் சொன்னார், தான் நின்றார். "நீங்களும் இரிங்க மாமி" என்றேன். "வேணாம். மருமகன் வாற நேரம்" என்றார். பாத்ரூம் கதவைத் திறந்து காட்டும்போது குரலைத் தாழ்த்தி, "நான் இத எடுக்கிறல்ல. பின்னுக்கு ஒண்டு இருக்கு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கமோ வருத்தமோ இல்லை. பெருமை இருந்தது. சண்டையை மறந்து வெளியில் வந்தேன்.

ஊரில் ஒரு கதை உண்டு. மாமியின் இளமையில் அவருக்குப் பேசிய மாப்பிள்ளையின் ஆட்கள் களிமண் சுவரைக் கண்டுவிட்டுக் கேற்றடியிலேயே திரும்பிப் போனார்களாம். அதற்குப் பிறகுதான் அவர் இப்படி ஆனாராம். உண்மையாக இருக்கலாம். பாவமாகவும் இருக்கிறது. ஆனால் கேற்றடியில் திரும்பிப் போனவர்கள் யாரோ, அவர்கள்மேல் காட்ட வேண்டிய கோபத்தை அவர் எங்கள் பிள்ளைகளின் பின்னேரங்களில் காட்டினார். அந்தக் கதையைச் சொல்லி அவருக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்காதீர்கள்.

மாமி அண்மையில் காலமானார். செத்த வீட்டுக்குப் போனேன். மகளின் வீட்டு ஹோலில், ரைல்ஸுக்கு மேல் கிடத்தியிருந்தார்கள். "எத்தின குமருகளுக்கு விளக்கேத்தி வச்ச கை" என்று பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். எல்லோரும் அழுதார்கள், எனக்கும் கண்ணீர் வந்தது. அந்த ஹோலுக்குள் மாமி படுத்தது அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

எங்கள் இரண்டாவது வீடு பின்வளவில் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. நாடு முழுக்க எல்லாம் தட்டுப்பாடான காலத்தில், கதவு நிலைக்கு மேலே லிண்டல் மட்டத்தோடு நின்றது. சீமெந்து விலை ஏற ஏற அவர் வகுப்புகளைக் கூட்டினார். வகுப்புகள் கூடக் கூடப் பெற்றோல் வரிசையில் நிற்கும் நேரமும் கூடியது. ஒருநாள் வரிசையில் மோட்டார் சைக்கிளோடு வெயிலில் நின்றவர் அப்படியே சரிந்து விழுந்தார். பக்கத்தில் நின்றவர்கள் தண்ணீர் தெளித்து எழுப்பியிருக்கிறார்கள். எழும்பியதும் அவர் கேட்டது, வரிசை நகர்ந்துவிட்டதா என்று. அதை எனக்குச் சொன்னவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அன்றைக்கு நான் வாய்விட்டுச் சொன்னேன். "இஞ்ச பாருங்க, விடுங்க. இருக்கிற வீட்ட ரெண்டு பேருக்கும் பாதி பாதியாக் குடுப்பம். இல்லாட்டி வீடு கேக்காத மாப்பிள்ளயப் பாப்பம். எங்களுக்கு என்ன குறை?"

"ஆக்கள் என்ன சொல்லுவாங்க?"

"எந்த ஆக்கள்?"

அவருக்கு ஊர் என்றால் மாமிதான். மாமி ஒவ்வொரு மாதமும் வருவார், அரைகுறைச் சுவரைத் தட்டுவார், தலையைச் சரித்துக் கேட்பார். வகுப்பு முடிந்து வந்த மனுசன் பிள்ளைகளோடு கதைக்க வலுவில்லாமல் கிடப்பார். மாமியின் குரல் கேட்டால் எழும்பி, ரோச் லைட்டை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போவார். பரீட்சைப் பேப்பரைக் காட்டும் பிள்ளையைப்போல மாமிக்குப் பக்கத்தில் நிற்பார்.

வீடு முடிந்தது. மூத்தவள் பல்கலைக்கழகத்தை முடித்து வீட்டில் நின்றாள். அந்தச் சித்திரை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை மாமி மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டி வருவதாக ஏற்பாடு. இது மாமி சாவதற்குச் சில கிழமைகளுக்கு முன்பு. பின்னேரம் மூன்று மணிக்கு முன்னர் வந்துவிடுவதாக என் கணவர் சத்தியம் பண்ணிவிட்டுப் போனார். பரீட்சை நெருங்குகிறதாம், காலையில் ஒரு மேலதிக வகுப்பு மட்டும்தானாம்.

நான் ரோல்ஸ் சுட்டேன், கேக் அடித்தேன். மூத்தவள் கண்ணாடி முன்னால் நின்று தலை பின்னிக்கொண்டே கேட்டாள், "அம்மா, அவங்க வீடு பாக்கத்தானே வாறாங்க? நான் நிக்க வேணுமா, இல்லாட்டி வாவிக்கரைப் பக்கம் போகட்டா?"

"விசர்க் கதை கதைக்காம பொட்டு வை."

"பொட்ட வீட்டுக்கு வைங்கம்மா" என்றாள் இளையவள் உள்ளே இருந்து. இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அன்றைக்கு அவர் நேரத்துக்கு வந்து, மகளுக்குப் பக்கத்தில் தகப்பனாக இருக்க வேண்டும். அவளை யாரோ வந்து பார்க்கும்போது, இவள் எங்கள் பிள்ளை, கெட்டிக்காரி, நண்டுக் காலுக்குச் சண்டை பிடிக்கிறவள் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவள் இந்த வீட்டில் பிள்ளையாக இருக்கப் போகும் காலம் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

மூன்று மணிக்கு அவர்கள் வந்தார்கள். அவர் வரவில்லை. மாப்பிள்ளையின் தாய், பெரியப்பா, மாமி. மாப்பிள்ளையும் வரவில்லை, அவருக்கு வேலையாம். மூத்தவள் தட்டத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். பெரியப்பா ரோல்ஸை எடுத்துக்கொண்டு ஜன்னல் நிலையைப் பார்த்தார். தாய் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தா. என் பிள்ளை என்ன படித்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாமி முன்னால் நடந்து அறைகளைக் காட்டினார். ஒவ்வொரு சுவரையும் தட்டினார், அவருடைய முகத்தில் நான் ஒருபோதும் காணாத பூரிப்பு. போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். என் கணவர் எடுக்கவில்லை.

பெரியப்பா முற்றத்தில் இறங்கி அண்ணாந்து பார்த்தார். கொங்கிறீற் தட்டுக்கு மேலே கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன.

"கம்பி விட்டிருக்கு. அப்ப மேல ஒண்டு போடுற எண்ணம்தானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமி முந்திக்கொண்டார். "ஓம் ஓம், போடுவாங்க. அதுக்கென்ன? மாஸ்டர் உழைக்கிறார்தானே."

மாஸ்டர் உழைக்கிறார்தானே. அந்தச் சொல்லைக் கேட்டதும் போய்க் கேற்றை அகலத் திறந்துவிட்டேன்.

"மேல ஒண்டும் போட மாட்டம்" என்றேன். "வெளிக்கிடுங்க. எல்லாரும் வெளிக்கிடுங்க."

"என்ன புள்ள, ஆக்களுக்கு முன்னால..."

"மாமி, இவ்வளவு காலமும் இந்தச் சுவரத் தட்டின நீங்கதானே. ஒருநாளாவது இந்தப் புள்ளையள்ட தகப்பன் எங்க எண்டு கேட்டீங்களா? இப்பவும் அந்த மனுசன் இல்ல. அதாவது கண்ணில பட்டுதா?"

மாமி கலங்கவில்லை. பிழையாகக் கணக்குச் செய்த பிள்ளையைத் திருத்துவதுபோலப் பொறுமையாகச் சொன்னார்: "வீட்டக் கட்டிக் குடுத்தா ஒரு தகப்பன்ட கடமை முடிஞ்சுது மகள். மறுகா, எல்லாம் முடிஞ்ச பிறகு, ஆறுதலா எல்லாரும் இருந்து சாப்பிடலாம்."

"மறுகா ஆரோட மாமி? இவள் உங்கட மாப்பிள்ளையோட இஞ்ச இருந்து சாப்பிடுவாள். நாங்க பின்னுக்குப் பத்தியில இருந்து சாப்பிடுவம். நீங்க சாப்பிடுற மாதிரி."

சொல்லியிருக்கக்கூடாது. சொல்லிவிட்டேன். மாமி குடையை எடுத்துக்கொண்டார். கேற்றைத் தாண்டும்போது சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்ததைக் கண்டேன். வேர்வையாகவும் இருக்கலாம்.

அவர்கள் போன பிறகு நான் புதிய ஹோலின் நிலத்தில் அப்படியே இருந்துவிட்டேன். அழ வேண்டும்போல இருந்தது, அழுகை வரவில்லை. மூத்தவள் என் பக்கத்தில் வந்து இருந்தாள். இளையவள் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தாள். மிச்ச ரோல்ஸை மூவரும் தின்றோம். கட்டத் தொடங்கிய நாளிலிருந்து அந்த வீட்டுக்குள் நாங்கள் ஒன்றாக இருந்து எதையாவது தின்றது அதுதான் முதல் தடவை. ரைல்ஸ் குளிராக இருந்தது. "அப்பாக்கு ரெண்டு வைப்பம்" என்று மூத்தவள் இரண்டை எடுத்து ஒரு பக்கம் மூடி வைத்தாள்.

பொழுதுபடும் நேரம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அவர் வந்து வாசலில் நின்றார். சட்டைக் கையில் சோக்குத் தூள், கண் இரண்டும் குழிக்குள். மூத்தவள் எழும்பி நின்றாள். அவர் திட்டினால் நான் திட்டத் தயாராக இருந்தேன். அழுதால் அழத் தயாராக இருந்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. கரைச்சல் ஒன்று பெரிதாகாமல் தீர்ந்துவிட்டது என்று நல்ல செய்தி கொண்டு வந்தவர்போல, மெல்லச் சிரித்துக்கொண்டு சொன்னார்:

"சந்தியில மாமியக் கண்ட நான். ஒண்டும் குழம்பல்லயாம், நான் கதைச்சிட்டன். மேல ஒரு தட்டுத்தானே கேக்காங்க. வெள்ளிக்கிழமப் பின்னேரம் எனக்குச் சும்மாதானே கிடக்கு, ஒரு கிளாஸ் போடலாம்."